க்ளொப்பின் கதிரையில் யார்?

26 ஜனவரி 2024, மாலை

மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "லிவர்பூல் பயிற்றுநர் க்ளொப் போகிறாராம். ஷாபி அலோன்சோ இருக்கிறார். லிவர்பூலுக்கு விளையாடியவர், அவர் பழக்குகிற ஜேர்மன் அணி லெவர்குசன் இந்தப் பருவம் இன்னும் ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்கே கூப்பிட வேண்டியதுதானே?"

26 ஜனவரி 2024, இரவு

நாலு மணி போல வேலையில் இருக்கும்போது போனில் க்ளொப்பின் அந்த வீடியோ வந்தது. சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது என்று அவரே சொல்கிறார். பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. 2015 ஒக்டோபரில் வந்தவர். 2019இல் சம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது வருடத்துக்குப் பிறகு லீக் கிண்ணம். இப்படி ஒருவருக்குப் பிறகு வருகிறவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள் தம்பி.

அலோன்சோ நல்ல தெரிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "நாளைக்கே" என்ற சொல்தான் எனக்குப் பயம். ஏனென்று பிறகு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

28 ஜனவரி 2024

எழுதுகிறேன் என்றேன். மன்செஸ்டர் யுனைடெட்டை எடுங்கள். 1986 நவம்பரில் வந்த அலெக்ஸ் பேர்கசன் 2013 மே மாதம் போனார். தனக்குப் பிறகு டேவிட் மோய்ஸ் என்று அவரே காட்டிவிட்டார். ஆறு வருட ஒப்பந்தம். பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். மோய்ஸ் திறமை இல்லாதவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எவர்டனை வைத்து அவர் செய்ததைப் பார்த்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

அந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அதே கோடையில் டேவிட் கில்லும் போனார். ஒப்பந்தம், ஆள் எடுப்பது, சம்பளம் என்று பேர்கசனுக்குப் பின்னால் இருந்து எல்லாம் பார்த்த நிர்வாகி. அந்த இடத்துக்கு வந்தவர் புதியவர், மோய்ஸும் புதியவர். போதாததற்கு மோய்ஸ் வந்ததும் பேர்கசனின் உதவிப் பயிற்றுநர்களைப் போகவிட்டு எவர்டனிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்தார். வீட்டில் எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்கூட மிச்சமில்லை.

கதிரையில் யார் உட்காரப் போகிறார் என்று கேட்கிறோம். கதிரையை யார் இழுத்துப் போடுகிறார் என்று கேட்பதில்லை. லிவர்பூலில் இன்று அந்த ஆள் யார்? விளையாட்டுப் பணிப்பாளராக இருப்பவரும் இந்த ஜனவரியோடு போகிறார் என்றுதான் செய்தி. அதுதான் என் பயம்.

4 பெப்ரவரி 2024

கிண்ணியா அண்ணன் கேட்கிறார்: "நீர் எந்தப் பயிற்றுநரைத் தெரிவு செய்திருக்கிறீர், இவ்வளவு கதைக்க?" நியாயமான கேள்வி. செய்திருக்கிறேன் அண்ணை, 2011இல், திருகோணமலையில் எங்கள் கழகத்துக்கு. கழகத்தின் பெயரை எழுதவில்லை. திருமலைக்காரருக்கு ஊகிக்கத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஒன்பது வருடமாக எங்களைப் பழக்கியவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தால் கடற்கரையில் கச்சான் விற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். முழங்கால் நோ கூடி, இனி முடியாது என்று சொல்லிவிட்டார். வாசிகசாலையில் நிர்வாகக்குழு ஏழு பேர் கூடினோம். இரண்டு பெயர் இருந்தது. ஒருவர் கொழும்பிலிருந்து, பயிற்றுநர் சான்றிதழ் உள்ளவர், பெரிய கழகங்களில் விளையாடியவர். மற்றவர் எங்கள் உதவியாளர். பந்துக்குக் காற்றடிப்பார், கோடு போடுவார், யாருக்கு எந்தக் கால் நோகிறது, யார் எத்தனை நாள் வரவில்லை என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். ஆறு பேர் கொழும்புக்காரருக்குக் கை தூக்கினோம். என் கையும் அதில் ஒன்று.

வெள்ளி இரவு பஸ் எடுத்து விடிய வந்து இறங்குவார், திங்கள் இரவு திரும்புவார். பின்களத்தை நடுக்கோட்டுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். அழகான ஆட்டம்தான், ஓடுவதற்குக் கால் இருந்தால். எங்கள் இடது பின்கள வீரன் இரவு கடலுக்குப் போய் விடிய வருகிறவன். இரண்டு பேர் மேசன் வேலை, ஒருவன் பேக்கரி, ஒருவன் ஓட்டோ. பயிற்சியை நாலு மணிக்கு வைத்தார். நாலு மணிக்கு ஒன்பது பேர்தான் நிற்பார்கள். வராதவனைச் சோம்பேறி என்று நினைத்து அடுத்த போட்டியில் வெளியே இருத்தினார். நாலாவது போட்டியில் 5-0.

மூன்று மாதத்தில் முடித்துக்கொண்டோம். சொல்வதற்கு என்னைத்தான் அனுப்பினார்கள். பஸ் நிலையத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருந்தார். சொன்னேன். விசிலைப் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உதவியாளர் பொறுப்பெடுத்தார். பயிற்சி ஐந்தேகாலுக்கு, இருட்டும்வரை ஒரு மணித்தியாலம்தான். பின்களத்தைப் பத்து யார் கீழே இறக்கினார். அந்த வருடம் அரையிறுதி வரை போனோம், பெனால்டியில் தோற்றோம்.

அதனால்தான் சொல்கிறேன். கையில் இருக்கிற பெடியன்கள் யார், அவர்களால் எது முடியும் என்ற கணக்கு முதலில். பெயர் பிறகு.

22 பெப்ரவரி 2024

ஜேர்மனியின் பயேர்னும் பயிற்றுநர் தேடிச் சந்தைக்கு வந்துவிட்டது. டுக்கெல் பருவ முடிவில் போகிறார். பார்சலோனாவில் சாவியும் போகிறேன் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். மூன்று பெரிய வீட்டில் ஒரே நேரத்தில் மாப்பிள்ளை தேடுகிறார்கள், இரண்டு வீட்டுக்காரராவது ஒரே பெடியனின், அலோன்சோவின், சாதகத்தைத்தான் கேட்கிறார்கள்.

13 மார்ச் 2024

மைக்கேல் எட்வர்ட்ஸ் திரும்பி வருகிறார்! உரிமையாளர் நிறுவனத்தில் உதைபந்தாட்டப் பொறுப்பு முழுவதும் அவர் கையில். சலாவையும் வான் டைக்கையும் அலிசனையும் எடுத்த காலத்தில் விளையாட்டுப் பணிப்பாளர் வேலையைப் பார்த்தவர். ஜனவரியில் நான் எழுதிய பயம் பாதி போய்விட்டது. முதலில் தெரிவு செய்கிறவரைத் தெரிவு செய்கிறார்கள். சரியான வரிசை.

தம்பி, "கணினிக் கணக்கை வைத்துக் கோச் எடுப்பதா, மனுசனைப் பார்த்து எடுக்க வேண்டாமா" என்று கேட்டிருந்தீர். க்ளொப்பையே அப்படித்தான் பார்த்தார்கள். 2014-15 பருவத்தில் அவர் அப்போது பழக்கிய டோர்ட்மண்ட் பாதிப் பருவத்தில் 17ஆம் இடத்தில் கிடந்தது, கடைசியில் 7ஆம் இடம். அவருடைய கதை முடிந்தது என்றுதான் சனம் கதைத்தது. லிவர்பூலின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயன் கிரஹம், பௌதிகவியல் படித்தவர், அந்தப் பருவத்தின் போட்டிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார். ஆட்டம் கெடவில்லை, அடித்த பந்துதான் உள்ளே போகவில்லை என்பது அவர் முடிவு. மேசையில் இருக்கிற புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் நமக்கு 2019 கிடைத்திருக்காது.

எங்கள் உதவியாளரின் சீ.ஆர். கொப்பியும் அதே வேலைதான் செய்தது. நாங்கள் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

30 மார்ச் 2024

அலோன்சோ லெவர்குசனிலேயே இருக்கிறார். நேற்றுச் சொல்லிவிட்டார்.

தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. வாரும், இன்னும் ஆள் இருக்கிறார்கள். போர்த்துகலில் ஸ்போர்ட்டிங் கழகத்தைப் பழக்குகிற அமோரிம் எனக்குச் சரியாகப் படுகிறது.

15 ஏப்ரல் 2024

வருசப்பிறப்பு நாளில் இப்படி ஒரு அடி. வியாழன் நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருந்து பார்த்தது அட்டலான்டாவிடம் 3-0, அதுவும் நம் சொந்த மைதானம் அன்பீல்டில். நேற்று மாலை ஆறரைக்கு வீட்டில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்தோம், கிறிஸ்டல் பலஸிடம் 1-0. மாமி முறுக்கை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு, அவங்கள் தோக்கிறதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்" என்றார்.

அதே இரவு லெவர்குசன் 5-0 அடித்து ஜேர்மன் லீக் கிண்ணத்தை எடுத்தது. பயேர்னின் பதினொரு வருட ஓட்டத்தை நிறுத்தியவர் நமக்கு வரமாட்டேன் என்றவர். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டி வந்தது.

ஆனால் நேற்று இரவு படுக்கும்போது ஒன்று தோன்றியது. அலோன்சோ இல்லை என்றது அவருடைய நல்ல புத்தி. தான் கட்டிய வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் நாளைக்கு நம்மிடம் வந்தாலும் அப்படித்தான் இருப்பார். அவரைக் கோபித்து எழுதியவர்கள் அந்த வரிகளை அழித்துவிடுங்கள்.

24 ஏப்ரல் 2024

அமோரிம் லண்டனுக்குப் பறந்து வெஸ்ட்ஹாமோடு கதைத்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்போர்ட்டிங் லீக் கிண்ணத்துக்குக் கிட்ட நிற்கும்போது! போன மாதம் நான் அவருக்குச் சார்பாக எழுதினேன் அல்லவா, அதைத் திருப்பி எடுக்கிறேன். லண்டன் பயணத்துக்காக இல்லை, அது அவருக்கும் அவருடைய கழகத்துக்கும் உள்ள கதை. பின்னால் மூன்று பேர் வைத்து விளையாடுகிறவர் அவர். நம்மிடம் இருப்பது நாலு பேர் பின்களத்துக்கு எடுத்த ஆட்கள். நான் 2011இல் செய்த அதே பிழையைத்தான் போன மாதம் திரும்ப எழுதியிருக்கிறேன்.

இப்போது ஆர்னே ஸ்லொட் என்று ஒரு பெயர் அடிபடுகிறது. ஒல்லாந்தின் பெயெனூர்ட் கழகப் பயிற்றுநர்.

27 ஏப்ரல் 2024

"ஸ்லொட் யார்? ஒல்லாந்து லீக்கில் யாரும் வெல்லலாம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தேடி வாசித்ததைச் சொல்கிறேன்.

2021இல் அவர் போகும்போது பெயெனூர்ட் 5ஆம் இடத்தில் முடித்த அணி. முதல் பருவத்திலேயே கொன்பரன்ஸ் லீக் இறுதிப் போட்டி, ரோமாவிடம் 1-0 தோல்வி. அந்தக் கோடையில் மலாசியா, செனெசி, சினிஸ்டெரா என்று முக்கியமான ஆட்களை இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த பருவம் லீக் கிண்ணம். திரும்ப ஒருமுறை வாசியுங்கள்: ஆட்களை விற்ற பிறகு கிண்ணம். போன வாரம் ஒல்லாந்துக் கிண்ணமும் எடுத்துவிட்டார். நாலு பேர் பின்களம், பந்தைத் துரத்திப் பிடிக்கிற ஆட்டம், நம் ஆட்கள் பழகியது. புதிய விளையாட்டுப் பணிப்பாளர் ரிச்சர்ட் ஹியூஸ் முன்பு போன்மவுத்தில் இருந்தவர், செனெசியை வாங்கிய கழகம் அது. அந்த வீட்டை ஏற்கெனவே உள்ளே போய்ப் பார்த்தவர் என்று நினைக்கிறேன்.

ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு, மறைக்கக் கூடாது. 2020 டிசம்பரில், அவர் அப்போது பழக்கிய ஏ.இசட். கழகம் அவரைப் பதவி நீக்கியது, பெயெனூர்டோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்பதற்காக. அமோரிமைக் குறை சொன்னவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு இவர் சரி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

20 மே 2024

க்ளொப்பின் கடைசிப் போட்டி நேற்று இரவு எட்டரைக்குத் தொடங்கியது. எனக்கு ஸ்கோர் 2-0 என்பதே பிறகுதான் ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடித்து, தன் பெயரைப் பாடிய சனத்திடம் க்ளொப் தனக்குப் பிறகு வருகிற ஸ்லொட்டின் பெயரைப் பாடச் சொல்லிக் கொடுத்தார், தானே தொடங்கி. இருபத்தேழு வருடம் ஆண்டவருக்குப் பிறகு மோய்ஸுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று நேற்று ஒரு நிமிடத்தில் ஸ்லொட்டுக்குக் கிடைத்துவிட்டது. இல்லை, இது பேர்கசனுக்கு நியாயமில்லை. அவரும் போகும்போது மைதானத்தில் நின்று, புதியவரோடு நில்லுங்கள் என்றுதான் சனத்திடம் கேட்டார். அதையும் சொல்லி வைக்கிறேன்.

30 மே 2024

பயேர்னுக்கு அலோன்சோ இல்லை, நாகெல்ஸ்மான் இல்லை, ராங்னிக் இல்லை, போகச் சொன்ன டுக்கெலிடமே திரும்பிப் போய்க் கேட்டு அதுவும் இல்லை. கடைசியில் வின்சென்ட் கொம்பனி, பேர்ன்லியோடு இந்தப் பருவம் கீழே இறங்கியவர். பார்சலோனாவில் சாவி இருக்கிறேன் என்றார், ஒரு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள், நேற்று பிளிக் வந்துவிட்டார். கொம்பனி விடயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

17 ஓகஸ்ட் 2024

கச்சான் காத்து கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தோம். இப்ஸ்விச்சில் பாதி நேரம் 0-0. இடைவேளையில் ஸ்லொட் குவான்சாவை எடுத்துக் கொனாட்டேயை இறக்கினார். பருவத்தின் முதல் லீக் போட்டி. குவான்சா நல்ல பெடியன், பெரிய பிழையும் விடவில்லை. ஆனால் தலைப்பந்துகளை இழந்துகொண்டிருந்தான். நாற்பத்தைந்து நிமிடத்தில் பார்த்துத் தீர்த்துவிட்டார். பிறகு ஜோட்டா, சலா, 2-0.

நாம் எடுக்கப் பார்த்த நடுக்கள வீரர் சுபிமென்டி வரமாட்டேன் என்றதற்கு இங்கே எத்தனை பேர் அழுதார்கள். கிராவன்பேர்க் அந்த இடத்தில் நின்று விளையாடினதைப் பார்த்தீர்களா? ஆள் வரவில்லை என்றால் இருக்கிற ஆளைத் திருப்பி நிறுத்திப் பார்.

15 செப்டெம்பர் 2024

அன்பீல்டில் பொரஸ்ட்டிடம் 1-0. ஒரு தோல்விக்கு "க்ளொப் இருந்திருந்தால்" என்று தொடங்கிவிட்டீர்கள். இன்றைக்கு நான் எழுதவில்லை.

29 ஒக்டோபர் 2024

மன்செஸ்டர் யுனைடெட்டில் பயிற்றுநர் டென் ஹாக்கை அனுப்பிவிட்டார்கள். ஜூலையில்தான் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். மே மாதம் எப்.ஏ. கிண்ணம் எடுத்தார் என்று மனம் இளகி வைத்துக்கொண்டார்கள், ஒக்டோபரில் இளகிய மனம் இறுகிவிட்டது. இப்போது அமோரிமைத் தேடுகிறார்கள். யுனைடெட் அண்ணன்மாருக்கு நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன். நாலு பேர் பின்களத்துக்கு எடுத்த ஆட்களிடம் மூன்று பேர் ஆட்டத்தை, அதுவும் பருவத்தின் நடுவில் கொடுக்கப் போகிறார்கள்.

12 மார்ச் 2025

விடிய நாலேகால் வரை இருந்தேன். சம்பியன்ஸ் லீக்கில் பரிஸிடம் பெனால்டியில் தோல்வி. பெனால்டி என்றால் எனக்கு 2011தான். படுக்கவில்லை, நடந்து கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன.

28 ஏப்ரல் 2025

5-1! டொட்டன்ஹாம் முதல் கோல் அடித்தபோது ஒருவருக்கும் பயம் வரவில்லை. 20ஆவது லீக் கிண்ணம். நாலு போட்டி மிச்சம் இருக்கும்போதே. முதல் வருடத்தில். கோடையில் அணிக்கு வந்து சேர்ந்த பெரிய ஆள் கியேசா ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் வெளியேதான் இருந்தார். மற்ற எல்லோரும் க்ளொப்பின் ஆட்கள். முடிந்ததும் ஸ்லொட் மைக்கைப் பிடித்துக் க்ளொப்பின் பெயரைப் பாடினார். போன மே மாதப் பாட்டுக்கு மறுமொய்.

கொம்பனியும் பயேர்னைக் கிண்ணத்துக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார். போன வருடம் எழுதியது பிழை.

மூதூர்த் தம்பி தனியாக எழுதினார்: "அண்ணன், அலோன்சோ வந்திருந்தாலும் வென்றிருப்போம்தானே?" வென்றிருக்கலாம். என்னால் இல்லை என்று சொல்ல முடியாது.

4 மே 2025

ஒரு திருத்தம். லிவர்பூலைப் பற்றி இல்லை.

2011இல் எங்கள் கோல்காப்பாளராக இருந்தவர் இப்போது வெளிநாட்டில். கிண்ணம் எடுத்த சந்தோசத்தில் இந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்திருக்கிறார். நேற்று எடுத்துச் சொன்னார்: "நாலு மணி அவர் வைச்சதில்லை. நீங்கள் வைச்சது."

நம்பவில்லை. பழைய கோவையைத் தேடி எடுத்தேன். இருக்கிறது. மைதானத்துக்கு விண்ணப்பித்த கடிதம், நாலு மணி முதல் ஐந்தேகால் வரை, என் கையெழுத்து. ஐந்தேகாலுக்குப் பிறகு இன்னொரு கழகத்துக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், அதனால் கேட்டது. உதவியாளர் பொறுப்பெடுத்ததும் அந்தக் கழகத்தோடு ஒரு தரம் கதைத்து நேரத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பதினான்கு வருடமாக அந்த நாலு மணியை வந்த மனுசன்மேல் போட்டுக் கதைத்திருக்கிறேன். இங்கேயும் எழுதிவிட்டேன். பெப்ரவரி 4 குறிப்பை அழிக்கவில்லை, இதோடு சேர்த்து வாசியுங்கள்.

கடலுக்குப் போகிறவன், மேசன், பேக்கரி என்று ஒரு சொல் அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று அவர் சொன்னதை, விலக்குவதைத்தான் சொல்கிறார் என்று இவ்வளவு காலமும் விளங்கி வைத்திருந்தேன்.

11 மே 2025

நம்பர் கிடைத்தது. நேற்றுப் பின்னேரம் எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும் "ஓம், திருமலை" என்றார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு பரவாயில்லை என்று சொன்னார், முழங்கால்காரப் பெரியவர் எப்படி என்று விசாரித்தார். அவர் போய் ஆறு வருடம் என்றேன்.

வைக்கப் போகும்போது கேட்டார்: "அந்த இடது பக்கப் பெடியன், நித்திரை இல்லாமல் வருவான், இன்னும் கடலுக்குப் போறானா?"

போகிறான் என்றேன்.